கழற்றிய கம்மல் எங்கே?

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் மின்னஞ்சலைப் படித்தேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீ ‘சரி பெரியம்மா, சரி பெரியம்மா’ என்று ஆரம்பித்துவிடுவாய். அப்புறம் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அதனால்தான் எழுத்தில்.

தியான முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து உலகப்பற்றை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். கம்மல், வளையல், சங்கிலி எல்லாம் கழற்றியாயிற்று. பட்டுச்சேலை இனி இல்லை. படம் பார்க்கிற செயலிகளைப் போனிலிருந்து எடுத்தாயிற்று. மனிதப் பாசமும் ஒரு கட்டுதானே என்று, அம்மாவிடம் தினமும் பேசுவதை வாரத்துக்கு ஒரு தரமாகக் குறைத்திருக்கிறாய். வீட்டுக்கு அனுப்பிய பணத்தை இப்போது ஊழியத்துக்குக் கொடுக்கிறாய். அடுத்த வருஷம் வேலையையும் விட்டுவிடலாமா என்று யோசனை. எல்லாவற்றுக்கும் கடைசியில், இவ்வளவு விட்டும் மனசு லேசாகவில்லையே, ஏன் என்று ஒரு கேள்வி.

அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. மற்றதெல்லாம் முகாமில் சொல்லிக் கொடுத்தது. அது நீயே கேட்டது.

நீ செய்வதைக் கேலி செய்ய நான் வரவில்லை. காரின் பின்கண்ணாடியில் ‘கர்த்தர் தந்தது’ என்று ஒட்டிக்கொள்கிறவர்களும், புது வீட்டின் சதுர அடியைச் சாட்சி நேரத்தில் சொல்கிறவர்களும் நம் சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பெண்பிள்ளை ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்வது நல்ல காரியம். நகை போடாத பெந்தெகொஸ்தே சபையார் மேல் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி ஆறுவதற்குள் எத்தனை பவுன் என்று கேட்கிற ஊரில் வெறுங்காதோடு நிற்கத் துணிச்சல் வேண்டும். (பேதுருவும் பவுலும் பொன்னைப் பற்றிப் பேசுகிற அதே வசனத்தில்தான் தலைமயிரைப் பின்னுவதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். பின்னலை யாரும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை. அது கிடக்கட்டும்.)

நான் கேட்பது வேறு. கழற்றிய கம்மல் இப்போது எங்கே?

பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அது காதிலிருந்து பீரோவுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தங்கம் விலை ஏறினால் உனக்குத்தான் ஆதாயம். உன் மனசு லேசாகாததற்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். விட்டவர்கள் என்று சபை ஞாபகம் வைத்திருக்கிற பலரின் கதையிலும், விட்ட பொருள் இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வனத்து அந்தோணியாரை எடுத்துக்கொள். நம் பக்கத்தில் திருவிழா எடுக்கிற பதுவை அந்தோணியார் வேறு. இவர் எகிப்துக்காரர், அவருக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தவர். பெற்றோர் இறந்தபோது இருபது வயதை ஒட்டிய வாலிபன். ஒரு தங்கை. ஏறக்குறைய 200 ஏக்கர் நல்ல விளைநிலம். ஒருநாள் கோயிலுக்குள் நுழைகிற நேரத்தில், இயேசு அந்தப் பணக்கார வாலிபனிடம் உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கச் சொன்ன பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தனக்கே சொன்னது என்று எடுத்துக்கொண்டார். நிலத்தை ஊராருக்குக் கொடுத்தார், தட்டுமுட்டுச் சாமான்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார், தங்கைக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்தார். பிறகு அதையும் கொடுத்தார். ஆனால் தங்கையை நடுத்தெருவில் விடவில்லை. நம்பிக்கையான கன்னியர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தவத்துக்குப் போனார். போன இடத்திலும் கையால் வேலை செய்தார். கிடைத்த கூலியில் ரொட்டிக்கு ஆனது போக மிச்சத்தை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். இத்தனையும் அவருடைய சரித்திரத்தை எழுதிய அத்தனாசியுஸ் சொல்வது. தவத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதன் யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், பார்.

இதைச் சொன்னதும் நீ ‘அப்படியானால் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறேன்’ என்று கிளம்புவாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். கொஞ்சம் நில். உள்ளதையெல்லாம் விற்கச் சொன்ன அதே இயேசு, சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றபோது மீதிப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. பெத்தானியாவில் மார்த்தாளும் மரியாளும் வீட்டை விற்றிருந்தால் அவர் களைத்து வந்தபோது சாப்பாடு போட இடம் இருந்திருக்காது. ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாளும், சூசன்னாளும், இன்னும் பல பெண்களும் தங்கள் சொந்த ஆஸ்தியிலிருந்து அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அரிமத்தியா ஊரான் யோசேப்பிடம் சொந்தக் கல்லறை இருந்ததால்தான் அவரை வைக்க இடம் கிடைத்தது. இயேசு உடுத்தியிருந்த அங்கியே தையலில்லாமல் மேலிருந்து கீழ்வரை நெய்தது. கிழிக்க மனசு வராமல் போர்ச்சேவகர்கள் சீட்டுப் போட்டார்கள். அனனியா சப்பீராள் கதையைச் சின்ன வயதில் சண்டே ஸ்கூலில் கேட்டிருப்பாய். பேதுரு அனனியாவிடம் என்ன கேட்டார் என்பதைத் திரும்பப் படி. நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்றுதான் கேட்டார். ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்கு அவர்கள் சாகவில்லை. முழுவதையும் கொடுத்தவர்களைப் போல வந்து நின்றதற்குத்தான் செத்தார்கள்.

ஆகவே கம்மலைப் பற்றி என் யோசனை இது. விற்று ஒருவருக்குக் கொடு. இல்லையென்றால் எடுத்துப் போட்டுக்கொள். பீரோவில் வைத்துக்கொண்டு கழற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

இனி நீ ‘கட்டு’ என்று சொல்கிற மனிதப் பாசத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் நான் திறந்தது, ஒரு வயதானவர் ஒரு வாலிபனுக்கு எழுதிய கடிதத்தைத்தான். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், நாலாம் அதிகாரம். மனுஷன் ரோமாபுரியில் சங்கிலியோடு கிடக்கிறார். சாவு கிட்டே வந்துவிட்டது என்று தெரிகிறது; ஓட்டத்தை முடித்துவிட்டேன் என்ற திருப்தியும் இருக்கிறது. உலகத்தை விட்டவர் என்று யாரையாவது சொல்லலாம் என்றால் அன்றைக்கு அவரைத்தான் சொல்ல வேண்டும். அந்த அதிகாரத்திலேயே தேமா வருகிறான். இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்து என்னை விட்டுத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான் என்கிறார். வருத்தம் தெரிகிற வரி. அதற்கு மூன்று வசனம் தள்ளி, துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியை வரும்போது எடுத்துவரச் சொல்கிறார். புத்தகங்களும் வேண்டும், முக்கியமாகத் தோற்சுருள்கள்.

எனக்கு அந்தப் பக்கம் எப்போதும் பெரிய ஆறுதல். தேமாவின் உலக ஆசையும் பவுலின் மேலங்கியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பாவம் என்று சொன்ன கை, மை காய்வதற்குள் இன்னொன்றைக் கூச்சமில்லாமல் கேட்கிறது. குளிர்காலம் வருகிறது, சிறைச்சாலை ஈரமாக இருக்கும், மேலங்கி வேண்டும். இதில் ஆவிக்குரியது ஆவிக்குரியதல்லாதது என்று எதையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இந்தக் காலத்துப் பிரசங்கிகள் சிலர் அங்கே இருந்திருந்தால், ‘பாஸ்டர், சாகப்போகிற நேரத்தில் புத்தகம் எதற்கு?’ என்று கேட்டிருப்பார்கள்.

ஆள் மேல் உள்ள தேவையையும் அவர் மறைக்கவில்லை. சீக்கிரம் வா என்கிறார். கொஞ்சம் தள்ளி மறுபடியும், குளிர்காலத்துக்கு முன் வர முயற்சி செய் என்கிறார். லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறான், மாற்கைக் கூட்டிக்கொண்டு வா என்கிறார். ஒரு காலத்தில் இதே மாற்கை முன்னிட்டுத்தான் பர்னபாவோடு சண்டை போட்டுப் பிரிந்தார்; இப்போது அவன் வேண்டும். ஒநேசிப்போரு ரோமாபுரிக்கு வந்து தன்னைத் தேடிக் கண்டுபிடித்தான், சங்கிலியைப் பார்த்து வெட்கப்படவில்லை என்று நன்றியோடு எழுதுகிறார். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது அவன் பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். மனிதர்களை விட்டு விலகினால்தான் தேவனிடம் நெருங்க முடியும் என்று உனக்கு யாராவது சொல்லியிருந்தால், அவர்களிடம் இந்த நிருபத்தைக் காட்டு.

தேமாவையும் கொஞ்சம் யோசித்துப் பார். அவன் ஒன்றும் புதிதாக வந்தவன் இல்லை. பிலேமோனுக்கு எழுதும்போது அவனை உடன்வேலையாள் என்கிறார் பவுல். கொலோசெயருக்கு எழுதுகிற கடிதத்தில் லூக்காவோடு சேர்ந்து அவனும் வாழ்த்துச் சொல்கிறான். அப்படிப்பட்டவன் தெசலோனிக்கேயில் எதைத் தேடிப் போனான் என்று வேதம் சொல்லவில்லை. நமக்குத் தெரிவது ஒன்றுதான்: ஒரு மனிதனுக்குத் தான் அதிகமாகத் தேவைப்பட்ட நேரத்தில் அவன் அங்கே இல்லை. அந்த அதிகாரத்தில் உலகத்தின்மேல் ஆசை என்பதன் அடையாளம் இதுதான். அப்படிப் பார்த்தால், அம்மாவிடம் பேசாமல் அறைக்குள் உட்கார்ந்திருப்பது எந்தப் பக்கம் சேரும் என்று நீயே சொல்.

அந்தோணியாரும் சாகும்போது இதே மாதிரி ஒரு காரியம் செய்தார். அவரிடம் இருந்தது இரண்டு ஆட்டுத்தோல், ஒரு மேலாடை, ஒரு மயிராடை. ஒரு தோலையும் மேலாடையையும் அத்தனாசியுஸிடம் கொடுங்கள், அது அவர் எனக்குப் புதிதாகக் கொடுத்தது, என்னோடு பழசாகிவிட்டது என்றார். இன்னொரு தோல் செராபியோன் என்ற பேராயருக்கு. மயிராடை கூடவே இருந்து பணிவிடை செய்த இருவருக்கு. நூற்றைந்து வயது வரை வாழ்ந்து, எல்லாவற்றையும் விட்டவர், தன் மேலாடையைத் தந்தது யார் என்பதை மட்டும் விடாமல் வைத்திருந்தார்.

அறைத்தோழியைப் பற்றி நீ எழுதியதையும் பார்த்தேன். காலை ஜெப நேரத்தில் அவள் மிக்சி போட்டாள், நீ கத்திவிட்டாய், பிறகு அழுதாய். இதற்கு வனாந்தரத்துப் பெரியவர்களிடம் நேரான பதில் இருக்கிறது. காசியன் என்பவர் எகிப்துக்குப் போய் அந்தத் துறவிகளோடு இருந்து, கேட்டதையெல்லாம் பின்னாளில் எழுதி வைத்தார். அதில் மோசே என்ற ஒரு பெரியவர் சொல்கிறார்: பொன்னையும் வெள்ளியையும் பெரிய நிலபுலன்களையும் தூக்கி எறிந்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களே ஒரு பேனாக்கத்திக்கும், ஊசிக்கும், எழுத்தாணிக்கும், நாணற்பேனாவுக்கும் கோபப்படுகிறார்கள். சிலர் தங்கள் புத்தகத்தை இன்னொருவர் தொடக்கூட விடமாட்டார்கள். ஆஸ்தியை விட்டாலும், ‘என்னுடையது’ என்கிற பிடியை அவர்கள் விடவில்லை. அது பெரிய நிலத்திலிருந்து இறங்கி ஊசியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

உன் விஷயத்தில் அது ஜெப நேரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டுச்சேலை போன இடத்தில் ‘என்னுடைய அமைதி நேரம்’ வந்துவிட்டது. அதை யாரும் தொடக்கூடாது. அந்தப் பெண்ணுக்கு எட்டு மணிக்கு ஷிப்ட், சட்னி அரைத்தாக வேண்டும். இயேசுவும் சீஷர்களும் சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓய்வெடுக்க வனாந்தரமான இடத்துக்குப் படகில் போனபோது, ஜனங்கள் கரை வழியே ஓடி முந்திக்கொண்டு நின்றார்களே. அவர் அவர்கள் மேல் மனதுருகினார். அவருடைய ஓய்வு பறிபோனதைப் பற்றி மாற்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எதைத் தொட்டால் உனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பார். அடுத்து எதை விட வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும். தியான முகாம் தேவைப்படாது.

பணத்தைப் பற்றி. இதில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன், கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை, ரத்தப் பரிசோதனை, கண் பார்ப்பது எல்லாம் நீ அனுப்புகிற பணத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அவள் உன்னிடம் கேட்கமாட்டாள். என்னிடமும் கேட்கவில்லை; நான்தான் மாத்திரை அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கைக்கு நேர்ந்துவிட்டுக் கையைக் கழுவியவர்களைப் பற்றி இயேசு என்ன சொன்னார் என்பது மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் அவ்வளவு காட்டமாகப் பேசின இடங்கள் குறைவு. முகாமில் உனக்கு அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டியிருக்கமாட்டார்கள்.

கொடுக்க ஆசையிருந்தால் உன் செலவிலிருந்து கொடு. ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில், ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு வாலிபனைப் பற்றிப் பெயர் சொல்லாமல் சொல்கிறார். அது அவரேதான் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வருஷ வருமானம் 30 பவுண்டு. 28இல் வாழ்ந்துகொண்டு 2 பவுண்டு கொடுத்தான். அடுத்த வருஷம் 60 வந்தது. அப்போதும் 28தான் செலவு, 32 கொடுத்தான். அதற்கடுத்து 90 வந்தபோது 62. நாலாம் வருஷம் 120 வந்தபோது 92. சம்பளம் ஏறினதும் வீடு மாற்றவில்லை, சாப்பாடு மாற்றவில்லை. இதில் எனக்குப் பிடித்தது அந்த 28தான். அவன் பட்டினி கிடக்கவில்லை. தனக்கு இவ்வளவு போதும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டான், பிறகு அந்தக் கணக்கைத் தொடவில்லை. 1776இல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி கேட்டு அதிகாரிகள் எழுதியபோது, லண்டனில் இரண்டு ஸ்பூனும் பிரிஸ்டலில் இரண்டு ஸ்பூனும் இருக்கின்றன, சுற்றிலும் இத்தனை பேர் ரொட்டியில்லாமல் இருக்கும்போது இதற்குமேல் வாங்குவதாக இல்லை என்று வெஸ்லி பதில் எழுதினார். உன் சம்பளத்தில் உன்னுடைய ‘28’ எவ்வளவு? அதில் அம்மாவின் மாத்திரையைச் சேர்த்துக் கணக்குப் போடு. அடுத்த இன்கிரிமெண்ட் வரும்போது அந்தக் கோடு நகராமல் நிற்கிறதா என்று பார். கம்மல் கழற்றுவதைவிட அது கஷ்டம். யாருக்கும் தெரியவும் தெரியாது.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் கேட்டால் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைச் சொல்வேன். சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1921இல் ஆரம்பித்தது. பேட்டன் ஸ்காட்லாந்தில் பெரிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள். ஜனங்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று கூப்பிட்டார்கள். 1932இல் சென்னையில் கதரோடு நின்ற சின்னண்ணன் பேட்டன் போலீஸ்காரர்களிடம் அடி வாங்கினார், அது பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை போனது. இவர்கள் விட்டதெல்லாம் எங்கே போயிற்று என்று தேடவே வேண்டாம். அங்கே ஆஸ்பத்திரி நடந்தது, நோயாளிகள் வந்தார்கள். பார், கல்யாணம் வேண்டாம் என்றிருந்தவர்களுக்கு ஊரே தம்பி தங்கையாகிவிட்டது.

கடைசியாக வேலையை விடுவது பற்றி. விடாதே என்று நான் சொல்லப் போவதில்லை. சிலரைத் தேவன் அப்படித்தான் அழைக்கிறார், அந்தோணியாரை அழைத்த மாதிரி. ஆனால் எல்லோருக்கும் அதே அழைப்பு இல்லை. கதரேனர் நாட்டில் பேய் நீங்கின மனிதன், கூடவே வருகிறேன் என்று கெஞ்சினான். மீனவர்களை வலைகளை விட்டுவிட்டு வரச் சொன்ன இயேசு, அவனைக் கூட்டிக்கொள்ளவில்லை. உன் வீட்டாரிடம் போ என்று அனுப்பிவிட்டார். கல்லறைகளில் கிடந்தவனுக்கு வீடு திரும்புவதுதான் கஷ்டமான கீழ்ப்படிதலாக இருந்திருக்கும். நீ இவர்களில் யார் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. உனக்கும் இந்த வருஷமே தெரிந்தாக வேண்டும் என்கிற கட்டாயமில்லை. உங்கள் ஆயரிடம் பேசு. அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் சந்தேகப்படு. பவுலே கூடாரம் தைத்துச் சம்பாதித்துக்கொண்டுதான் ஊழியம் செய்தார்.

அறுப்பின் பண்டிகை அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு. ஏலத்துக்கு இந்த முறையும் உன் அம்மா சேவல் வளர்க்கிறாள், அது தெருவில் போகிறவர்களையெல்லாம் துரத்துகிறது. ரயிலில் இப்போதே டிக்கெட் போட்டால்தான் கிடைக்கும். உன் அறைத்தோழிக்கு லீவு இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேருக்கும் இங்கே படுக்க இடம் இருக்கிறது.

கர்த்தருக்குள் அன்பான,
பெரியம்மா